கட்டுத் துணியும் உணவுப் பொட்டலமும்



ஜப்பானியர் ஆட்சிக்காலப் பாடத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? 8 டிசம்பர் 1941, கோத்தா பாருவில் தரையிறக்கம். 15 பிப்ரவரி 1942, சிங்கப்பூர் சரணடைவு. 1945 ஆகஸ்டில் ஜப்பானின் சரண். இடையில் மரவள்ளிக்கிழங்கு, வாழைமரக் காசு, கெம்பெய்தாய், சயாம் மரண ரயில். முக்கியமானதைக் கோடிட்டு, மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் கொட்டிவிட்டு வருகிறோம். அதில் தப்பில்லை, மதிப்பெண் வேண்டுமே!

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படையும் இல்லை, பதவியும் இல்லை, கையில் துப்பாக்கியும் இல்லை. அப்படிப்பட்ட சாதாரண மனிதர்கள் அந்தக் காலத்தில் என்னதான் செய்தார்கள்? பயந்து ஒடுங்கி மட்டும்தான் கிடந்தார்களா?

இந்தக் கட்டுரையில் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒருவர் பேராக்கைச் சேர்ந்த தாதி, மற்றவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ஆசிரியை. இருவருமே கிறிஸ்துவர்கள். ஒருவர் செய்தது காயத்துக்குக் கட்டுப் போட்டது. இன்னொருவர் செய்தது பசித்தவனுக்கு உணவும் மருந்தும் கைமாற்றிக் கொடுத்தது. அவ்வளவுதான். சாதாரண நாளில் இதை யாரும் வரலாறு என்று எழுத மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் தினமும் நடக்கிற காரியம்தானே என்று போய்விடுவார்கள். அந்தச் சின்னக் காரியத்துக்கு உயிரையே விலையாகக் கேட்ட காலம் ஒன்று வந்தது. அப்போதும் அவர்கள் கையை மடக்கிக்கொள்ளவில்லை. அதனால்தான் அவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள்.

பாப்பானில் ஒரு கடைவீடு

ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் அருகில் பாப்பான் என்ற சின்ன ஊர் இருக்கிறது. மலாயில் ‘பலகை’ என்று பொருள். ஈயச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர், பெரும்பாலும் சீனர்கள் வாழ்ந்த ஊர். அங்கே பிரதான சாலையில் 74ஆம் எண் கடைவீடு. போர்க்காலத்தில் அதில் குடியிருந்தவர் சிபில் கார்த்திகேசு.

பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பெண் என்று நினைத்துவிடுவோம். பிறப்பால் அவர் யுரேசியர். 3 செப்டம்பர் 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கார்த்திகேசு என்ற பெயர் அவருடைய கணவர் வழியாக வந்தது. தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழ் வம்சாவளி மருத்துவர் அவர். இந்துக் குடும்பத்தில் பிறந்தவரை ஒரு கத்தோலிக்கப் பெண் மணப்பதா என்று முதலில் எதிர்ப்பு எழுந்தது. பிறகு பெரியவர்கள் சம்மதித்து, 1919 ஜனவரியில் கோலாலம்பூர் செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. ஒரு நாள்கூட முழுதாக வாழாமல் இறந்துபோனது. பிறகு வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அதன்பின் ஓல்கா, டோன் என்று இரண்டு பெண் பிள்ளைகள். இந்த விவரங்களை மனப்பாடத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவரும் மனைவியும் சேர்ந்து மருத்துவமனை நடத்தினார்கள். சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். சீனத் தாய்மார்கள் அவரிடம் தயங்காமல் வந்தார்கள். 1941 டிசம்பரில் ஈப்போமீது குண்டுகள் விழத் தொடங்கியதும் குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. போன இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே சிறிய மருந்தகம் திறந்தார்கள். காசு இருப்பவர் கொடுத்தார். இல்லாதவருக்கும் மருந்து கிடைத்தது.

பின்வாசலில் கதவு தட்டியவர்கள்

அப்போது காட்டுக்குள் ஒரு படை உருவாகிக்கொண்டிருந்தது. மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சி வழிநடத்திய படை அது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சீன இளைஞர்கள். காட்டு வாழ்க்கையில் மலேரியா, ஆறாத புண்கள், துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் எல்லாம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? போனால் நேரே சிறைதான்.

அவர்கள் இரவில் பாப்பான் வீட்டின் பின்வாசலுக்கு வந்தார்கள். சிபில் கதவைத் திறந்தார். புண்ணைக் கழுவினார், மருந்து போட்டார், கட்டுக் கட்டினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். மருத்துவரான கணவரும் துணை நின்றார். மருந்துத் தட்டுப்பாடு கழுத்தை நெரித்த காலம் அது. பகலில் ஊர் மக்களுக்கு, இரவில் காட்டு மக்களுக்கு என்று இருந்ததைப் பங்கிட்டார்கள்.

இங்கே ஓர் இடத்தில் நில்லுங்கள். சிபில் கத்தோலிக்கர், ஆழ்ந்த பக்தி உடையவர். வந்தவர்களோ கடவுள் இல்லை என்று சொல்லும் கொள்கையைப் பின்பற்றும் கட்சியின் படையினர். “உனக்கு என் சாமி மேல் நம்பிக்கை உண்டா?” என்று அவர் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அவர் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டார்.

இது கிறிஸ்துவப் போதனையின் நடுநாடி. லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கள்வர்களிடம் அடிபட்டு வழியில் கிடக்கிறான் ஒருவன். மதத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிறார்கள். யூதர்கள் ஒட்டுறவு வைத்துக்கொள்ளாத சமாரியன்தான் நின்று, காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவையும் ஏற்றுக்கொள்கிறான். அந்தக் கதையில் போர் இல்லை, அற்புதம் இல்லை. எண்ணெயும் திராட்சை ரசமும் கட்டுத் துணியும்தான் இருக்கின்றன. மத்தேயு நற்செய்தியில் ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பதைக்கூடக் கடவுள் கணக்கில் வைக்கிறார் என்ற போதனை வருகிறது. சிறியது என்று எதையும் தள்ளிவிடாத மதம் இது. சிபில் அந்தக் கதையைப் பாப்பானில் பிரசங்கமாகச் சொல்லவில்லை. சமாரியன் செய்ததைச் செய்துவிட்டுப் படுக்கப் போனார்.

இன்னொன்றும் செய்தார். வீட்டில் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, பிபிசி செய்தி கேட்டு, நம்பிக்கையானவர்களிடம் சொன்னார். அந்தப் பெட்டிக்கு ஜோசஃபின் என்று செல்லப்பெயர்! “ஜோசஃபின் என்ன சொன்னாள்?” என்று பேசிக்கொண்டால் வெளியாளுக்கு என்ன புரியும்? சிரிப்பு வருகிறதா? பிடிபட்டால் உயிர் போகக்கூடிய குற்றம் அது. “தோற்றுக்கொண்டே இருக்கிறோம், இனி விடிவே இல்லை” என்று நம்பிக்கை இழந்தவர்களுக்கு உண்மைச் செய்தி ஒன்றைச் சொல்வதும் பசித்தவனுக்குச் சோறு போடுவது மாதிரிதான்.

தாயின் மௌனம்

1943இல் கெம்பெய்தாயின் கை பாப்பானை எட்டியது. கணவர், வில்லியம், சிபில் என ஒருவர் பின் ஒருவராகக் கைது செய்யப்பட்டார்கள். விசாரணை என்ற பெயரில் நடந்ததை இங்கே விரிவாக எழுத மனம் வரவில்லை. படிப்பவர்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள். அடி, உதை, தண்ணீர்ச் சித்திரவதை. முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, பின்னாளில் நடக்கவே முடியாத நிலை வந்தது. தாடையில் விழுந்த உதையின் காயம் கடைசிவரை ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாள், அவருடைய கடைசி மகள் டோனைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கீழே நெருப்பு மூட்டப்பட்டது. எதிரே தாயைக் கட்டி வைத்து அடித்தார்கள். “யார் யார் வந்தார்கள்? பெயரைச் சொல்” என்பதுதான் கேள்வி. அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று குழந்தையே தைரியம் சொன்னதாகத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். கடைசியில் குழந்தை உயிரோடு விடுவிக்கப்பட்டாள்.

இந்த இடத்தைச் சொல்லும்போது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு யாராவது ஒரு மாணவி கையைத் தூக்குவாள். “டீச்சர், பெத்த பிள்ளையவிட யாரோ முக்கியமா? ஓர் அம்மா அப்படிச் செய்யலாமா?”

ஆசிரியர்களே, இந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள். இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஆளோடு நின்றிருக்காது. அவனுடைய வீடு, அவனுக்கு அரிசி கொடுத்தவன், வழி காட்டியவன், பாப்பான் கடைத்தெரு முழுவதும் இழுக்கப்பட்டிருக்கும். அந்த வீடுகளிலும் டோன் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். ஏற்கெனவே ஒரு குழந்தையைப் புதைத்த தாய்க்குப் பிள்ளையின் உயிர் என்றால் என்ன என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலி தெரிந்ததால்தான் மற்றத் தாய்மார்களின் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க அவரால் முடியவில்லை போலும். இது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம். மறுப்பதானால் காரணத்தோடு மறுங்கள். வரலாற்றுக் கட்டுரையில் மதிப்பெண் கிடைப்பதும் அதற்குத்தான்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதித்து, பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகே வெளியே வந்தார். சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். வீரச் செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர்தான். 12 ஜூன் 1948இல், 48 வயதில், ஸ்காட்லாந்தின் லனார்க்கில் உயிர் பிரிந்தது. அங்கே அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

சிங்கப்பூரில் ஓர் ஆசிரியை

சரி, இப்போது தெற்கே வருவோம்.

எலிசபெத் சோய் 1910இல் வட போர்னியோவின் குடாட்டில் பிறந்தவர். இன்று அது சபா மாநிலம். கிறிஸ்துவக் குடும்பம். 1929இல் படிக்கச் சிங்கப்பூர் வந்தார். மேலே படிக்க ஆசை இருந்தும், தம்பி தங்கைகளுக்காக வேலைக்குப் போனார். செயின்ட் மார்கரெட் பள்ளியிலும் பிறகு செயின்ட் ஆண்ட்ரூ பள்ளியிலும் ஆசிரியை. ஆமாம், நம்மில் ஒருவர்!

ஜப்பானியர் காலத்தில் அவரும் அவருடைய கணவரும் ஒரு மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார்கள். சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஐரோப்பியக் கைதிகள் சிகிச்சைக்காக அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவார்கள். பசியில் ஒட்டிய வயிறு, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்ற கவலை. சோய் தம்பதியர் அவர்களுக்கு உணவு, பணம், மருந்து, துணி, கடிதம் என்று மறைத்து மறைத்துக் கைமாற்றினார்கள். வானொலிப் பாகங்களும் அந்த வழியில் போயின.

இதற்கிடையே 1943 செப்டம்பர் கடைசியில் நேசநாட்டு அதிரடிப் படையினர் சிலர் சின்னப் படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து, கப்பல்களில் கண்ணிவெடி பொருத்தி வெடிக்கச் செய்துவிட்டு மாயமானார்கள். ஜேவிக் நடவடிக்கை என்று படித்திருப்பீர்கள். சாங்கி சிறையில் இருந்தவர்கள்தான் உளவு சொல்லியிருக்க வேண்டும் என்று கெம்பெய்தாய் முடிவு கட்டியது. உண்மையில் அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 10 அக்டோபர் 1943இல் சிறையில் சோதனை நடந்தது. ‘இரட்டைப் பத்து’ சம்பவம் என்ற பெயர் அதனால்தான். 57 பேர் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் பிழைக்கவில்லை.

அந்த வலையில் சோய் தம்பதியரும் சிக்கினார்கள். முதலில் கணவர். சில நாள் கழித்து, அவரைத் தேடிப் போன எலிசபெத். ஆர்ச்சர்ட் சாலைக்கு அருகே இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம்தான் கெம்பெய்தாயின் கிளை அலுவலகமாக மாற்றப்பட்டிருந்தது. இளைஞர்கள் கூடி விளையாடுவதற்காகக் கிறிஸ்துவச் சங்கம் கட்டிய கட்டடம் சித்திரவதைக் கூடமானது. ஏறக்குறைய 200 நாள் அங்கே ஒரு சின்ன அறையில் ஆண் கைதிகளோடு அடைபட்டுக் கிடந்தார் எலிசபெத். பேசக்கூடாது, காலை நீட்டக்கூடாது. கணவரை எதிரில் வைத்துக்கொண்டு அவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். ‘ஜப்பானுக்கு எதிராகச் சதி செய்தேன்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் கேட்டது. அவர் சதி ஏதும் செய்யவில்லை. தேவைப்பட்டவருக்கு உதவினேன், வேறொன்றும் தெரியாது என்ற இடத்திலேயே நின்றார்.

1944 மே மாதம் விடுதலையானார். கணவருக்கு 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போர் முடிந்த பிறகே அவர் வீடு திரும்பினார்.

பெயர் சொல்லாத இரண்டாவது பெண்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

1946இல் சிங்கப்பூரில் இரட்டைப் பத்து வழக்கு விசாரணை நடந்தது. 21 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 8 பேருக்கு மரண தண்டனை. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் தம்மைச் சித்திரவதை செய்தவர்களைத் தண்டனைக்காக அடையாளம் காட்டுமாறு எலிசபெத்திடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். போர் இல்லாவிட்டால் அவர்களும் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான், வெறுக்க வேண்டியது போரை என்பது அவருடைய நிலை. தெய்வ நம்பிக்கைதான் அந்த நாட்களில் தம்மைத் தாங்கியது என்றும் பின்னாளில் சொன்னார்.

பாருங்கள், சிபில் பெயர் சொல்ல மறுத்தது நண்பர்களைக் காப்பாற்ற. எலிசபெத் பெயர் சொல்ல மறுத்தது பகைவர்மீது பழி வேண்டாம் என்று. இரண்டு மௌனம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அடிபட்ட இன்னொருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்ட் வில்சன். அடித்தவர்களை மன்னிக்கும் வலிமைக்காக அந்த நேரத்திலேயே மன்றாடியவர். அவர்களையும் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளாக இருந்தவர்கள் என்று நினைத்துப் பார்க்க முயன்றதாக 1946இல் வானொலி உரையில் சொன்னார். போருக்குப் பின் அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவரானபோது, அவருக்கு உறுதிப்பூசுதல் சடங்கைச் செய்துவைத்தவரும் அதே பேராயர்தான். அடித்த கையை உடைய மனிதன் தலைமேல் அடிபட்டவர் கை வைத்து ஆசி கொடுத்தார்.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிய சிந்தனை இல்லை. திருக்குறளில் இன்னா செய்யாமை அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 314ஆம் குறளை நாம் எல்லாரும் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருப்போம். தீமை செய்தவன் வெட்கப்படும்படி அவனுக்கு நன்மை செய்துவிடச் சொல்கிறது அது. ஒப்புவிப்பது சுலபம். 200 நாள் சிறைக்குப் பிறகு செய்து காட்டுவது எவ்வளவு கஷ்டம்! கட்டுரையில் குறளை மேற்கோள் காட்டுபவர்கள், இப்படி ஓர் உண்மைச் சம்பவத்தையும் பக்கத்தில் வைத்தால் எழுத்துக்குக் கனம் கூடும்.

சில எச்சரிக்கைகள்

வரலாற்று மாணவர்கள் பக்தியோடு நின்றுவிடக் கூடாது, சில கேள்விகளும் கேட்க வேண்டும்.

முதலாவது, கிறிஸ்துவர்கள் மட்டும்தான் இரக்கம் காட்டினார்களா? இல்லவே இல்லை. பாப்பான் மக்களில் பலருக்கு அந்த வீட்டில் நடப்பது தெரிந்திருக்கும். இரவில் வந்து போனவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த அண்டை வீட்டார் வேறு தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். அவர்களுடைய மௌனமும் ஒரு தர்மம்தான். சிபிலுக்கும் எலிசபெத்துக்கும் அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவர்களே கை காட்டிய இடம் அவர்களுடைய கிறிஸ்துவ நம்பிக்கை. அவ்வளவுதான் நாம் சொல்லலாம்.

இரண்டாவது, மூலம். சிபில் பிரிட்டனில் நோய்ப்படுக்கையில் இருந்தபடி உருவாக்கிய நினைவு நூல், அவர் மறைவுக்குப் பின் 1954இல் வெளிவந்தது. ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்று பெயர். துளி இரக்கமும் இல்லை என்பது போன்ற பொருள். நினைவு நூல் முதன்மை மூலம்தான். ஆனால் ஒருவருடைய பார்வையில், வலியின் நடுவே, பின்னர் நினைவுகூர்ந்து எழுதப்பட்டது. மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஒன்று கவனித்தீர்களா? நூலின் பெயர் இரக்கமே இல்லை என்கிறது. கதையிலோ துளித் துளியாக இரக்கம்தான்.

மூன்றாவது, இதுதான் மனத்தை உறுத்துவது. சிபில் இறந்தது 12 ஜூன் 1948. சரியாக நான்கு நாள் கழித்து, ஜூன் 16இல், அதே பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. பாப்பான் வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு போனவர்களின் அமைப்பு அரசாங்கத்தின் எதிரியானது. அவர்களுக்கு உதவியதற்காகப் பதக்கம் கொடுத்த அதே அரசாங்கம், இப்போது அவர்களுக்கு உணவு கொடுத்தாலே தண்டித்தது.

அப்படியானால் சிபில் செய்தது சரியா, தவறா? அரசியல் வழியில் பார்த்தால் பதில் நான்கு நாளில் மாறிவிடும். யார் ஆட்சியில் இருக்கிறார், யார் நண்பன், யார் பகைவன் என்பதெல்லாம் மாறக்கூடியது. இரத்தம் வடிகிற காலைக் கழுவிக் கட்டியது மட்டும் 1943இலும் சரி, 1948இலும் சரி, இன்றும் சரி. சின்ன நன்மையின் பெருமை அங்கேதான் இருக்கிறது. அது எந்தக் கொடியின் கீழும் நிற்பதில்லை. அதனால் எந்தக் கொடி விழுந்தாலும் அது விழுவதில்லை.

எலிசபெத் போருக்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் ஓ.பி.இ. விருது கொடுத்துக் கௌரவித்தது. 1951இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். பார்வையற்றோர் பள்ளிக்கு முதல்வராக இருந்தார். மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். பிறகு பழையபடி வகுப்பறைக்கே திரும்பி, 1974 வரை பாடம் நடத்தினார். 2006இல், 95 வயதில் காலமானார். எத்தனையோ மாணவர்கள் அவரிடம் படித்திருப்பார்கள். முன்னால் நிற்கும் டீச்சர் எதையெல்லாம் தாங்கிவிட்டு வந்து கரும்பலகையில் எழுதுகிறார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

வகுப்பில் பேசுவதற்கு

ஆசிரியர்கள் இந்தக் கட்டுரையைப் பயன்படுத்த விரும்பினால், கீழ்க்காணும் கேள்விகளைக் குழுக் கலந்துரையாடலுக்குக் கொடுக்கலாம்.

1. ஜப்பானியர் ஆட்சியில் சாதாரண மக்கள் காட்டிய எதிர்ப்பு எந்தெந்த வடிவங்களில் இருந்தது? ஆயுதம் இல்லாத வடிவங்களை மட்டும் பட்டியலிடுக.

2. சிபிலும் எலிசபெத்தும் காட்டிய மௌனங்களை ஒப்பிடுக. ஒற்றுமை எது, வேற்றுமை எது?

3. நினைவு நூலை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும்போது எவற்றில் கவனம் தேவை?

4. 1948இல் நடந்த அரசியல் மாற்றம், சிபிலின் செயல் பற்றிய மதிப்பீட்டை மாற்றுமா? காரணம் தருக.

விடைகளை நான் எழுதப் போவதில்லை. உங்கள் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மாணவர்களே, கடைசியாக ஒரு வார்த்தை. தேர்வு முடிந்ததும் தேதிகள் மெல்ல மறந்துபோகும், அது இயற்கை. ஆனால் என்றாவது ஒரு நாள் உங்கள் வீட்டுப் பின்வாசலிலும் யாராவது வந்து நிற்பார்கள். பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காராத பையனாக இருக்கலாம். காசு இல்லாமல் இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே வராத பிள்ளையாக இருக்கலாம். அவர்களுக்கு உதவினால் இன்று யாரும் நம்மை மரத்தில் கட்டப் போவதில்லை. கொஞ்சம் கேலி செய்வார்கள், அவ்வளவுதான் விலை. உயிரையே விலையாகக் கேட்ட காலத்தில் ஒரு தாதியும் ஓர் ஆசிரியையும் கதவைத் திறந்தார்கள். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

தேர்வில் சிறக்க வாழ்த்துகள்.